அறுபத்தைந்தாம் எண் துளை

கஷ்மீரி கேட் மூன்றாவது சந்தில்
பழைய கார்புரேட்டர்களை
நண்டுபோல் கூடையில் குவித்து விற்கும் கடையில்
இரண்டு ஜெட் வாங்கினேன்.
பித்தளை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
நடுவில்
ஊசியும் யோசித்தே நுழையும் துளை.

டெல்லிக்கு எழுபத்திரண்டு தீதி,
ரோதாங் தாண்டினால் அறுபத்தைந்து,
என்றான் குல்விந்தர், ஒரு காதில் மட்டும் பாட்டோடு.
மேலே காற்று இளைத்துப்போகும்,
பெட்ரோலையும் குறைத்துப் பரிமாறணும்,
பசியில்லாதவன் தட்டை நிறைத்தால் வாந்திதானே.
தட்டு என்றுதான் சொன்னான்
என் காதில் இலை என்று விழுந்தது.

விருப்ப ஓய்வுப் பணத்தில் வாங்கிய டெம்போ டிராவலர்
மயூர் விஹார் மூன்றாம் கட்டத்தில்
வேப்பமரத்தடியில் நிற்கிறது.
உள்ளே இரண்டு கட்டில், ஒரு தொட்டி, ஒரு அடுப்பு,
பின்கதவுப் பெட்டியில் ஜெனரேட்டர்.
நாள் வாடகை ஏழாயிரம்.
எண்ணெய் பார்ப்பது, பிளக் துடைப்பது
எல்லாம் நான்தான்.
காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம்
விபத்துகளை வாசித்தவளுக்கு
எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப முடிவதில்லை.

அக்டோபர் கடைசியில்
ஆர்.கே.புரம் கிருபாநிதி குடும்பத்தோடு எடுத்துப்போனார்.
மணாலியில் ஜெட்டை மாற்றச் சொல்லியிருந்தேன்.
தலையாட்டினார்.
அரசாங்கத் தலையாட்டல்.

ஐந்தாம் நாள் இரவு, காஸாவிலிருந்து போன்.
மேடம், கரும்புகையாக் கக்குது, இருமுது,
குக்கர் போட்டாப் படுத்துக்குது.
பின்னால் யாரோ
அரிசி வேகலை, அரிசி வேகலை என்றார்கள்.
அந்த உயரத்தில் தண்ணீரே
அவசரப்பட்டுக் கொதித்துவிடும்,
அரிசிக்கு அது போதாது.
அதை அப்போது சொல்லவில்லை.

அணைத்து ஆற விடுங்கள்.
கட்டிலுக்குக் கீழே பெருங்காய டப்பா,
பஞ்சில் சுற்றியிருக்கும்.
டார்ச்சை மகளிடம் கொடுங்கள்.
பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றுங்கள்.
நடுவில் தெரிகிறதா, அதுதான்.

பால்கனியில் நின்றபடி
என் வலது கை
வெறும் காற்றில் திருகிக்கொண்டிருந்தது.

விழுந்துடுச்சு மேடம், என்றார்.
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
சரளைக்கல்லில் விரல்கள் துழாவும் ஓசை,
கழுத்தை முறிக்கும் காற்று,
கிடைச்சுதுப்பா என்று ஒரு சின்னக் குரல்.

ஓடத் தொடங்கியதும் போனை அருகில் பிடிக்கச் சொன்னேன்.
சளி தீர்ந்த தொண்டைபோல் இருந்தது.
ஆனாலும் அங்கே
பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அதற்குப் பலம்,
குக்கரை மறந்துவிடுங்கள்.
வண்டியிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள்,
புகை எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள்,
தூங்குமுன் அணையுங்கள்.
பிஸ்கெட் இருக்கா? சரி.

வண்டி திரும்பியபோது நவம்பர்.
எதிர் பிளாக் காணாமல்போயிருந்தது.
லிஃப்ட் கதவில் சங்கத்தின் அறிவிப்பு:
மறு உத்தரவு வரை ஜெனரேட்டர் கூடாது.
அதன் கீழே யாரோ பேனாவால்
மூச்சு? என்று எழுதியிருந்தார்கள்.

பிளக்கைக் கழற்றினேன்.
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
மலையின் ஜெட் மாட்டியபடியே
முர்த்தலில் ராத்திரி முழுக்க ஏசி ஓட்டியிருக்கிறார்.
நல்லாத்தானே ஓடுச்சு மேடம்.
ஓடும்.
கொதித்துக்கொண்டே ஓடும்.
அப்படி ஓடிய ஆட்களின் கோப்புகளை
நிறைய மூடியிருக்கிறேன்.

எழுபத்திரண்டை மாட்டினேன்.
இந்த ஊர்க் காற்று இதற்கு ஒத்துக்கொள்ளும்
வடிகட்டி மட்டும் வாரம் ஒருமுறை கறுக்கும்.
ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.
கயிற்றில் கை வைத்தேன்.
மூன்றாம் மாடி பத்மஜா
நெபுலைசரோடு சன்னலருகே உட்கார்ந்திருந்தாள்.
கையை எடுத்துவிட்டேன்.

அறுபத்தைந்தை மண்ணெண்ணெயில் கழுவி
அடைப்பு இருக்கிறதா என்று
வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன்.
மதியம் பன்னிரண்டு மணி.
துளைக்குள்
சூரியன் முழுதாக இருந்தது.
கண் கூசவேயில்லை.